விளக்கு எண்ணெயும் ஒரு தொழிற்சங்கப் பிரச்சினைதான்



சம்பளம், காணி, வீடு, ஊழியர் சேமலாப நிதி என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை நாங்கள் விளக்கு எண்ணெயைப் பற்றி எழுதுகிறோம். "இதெல்லாம் சங்கத்தின் வேலையா?" என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் பரந்தனிலிருந்து எழுதுகிறோம். எங்களில் பலருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், கவ்வாத்து வெட்டியவர்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்திலும் லயத்தை விட்டு, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், பொன்னகர், தருமபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றிக் காடு வெட்டிக் குடியேறினார்கள். இன்று எங்களில் சிலர் பரந்தன் வயல்களில் கூலிக்குப் போகிறோம். சிலர் பளைப் பக்கத் தென்னந்தோட்டங்களில் வேலை செய்கிறோம். அக்கா, தங்கச்சி, மாமா, பெரியப்பா என்று எங்கள் உறவுகள் இன்றும் தோட்டத்து லயங்களில் இருக்கிறார்கள். லயத்து விளக்கு, வயல்வெளிக் கொட்டில் விளக்கு இரண்டையும் நாங்கள் அறிவோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். மாரி காலம். காற்றோடு மழை பெய்து மின்சாரம் நின்றுவிட்டது. வீட்டில் மெழுகுதிரி இல்லை. அந்த வீட்டு மருமகள் பழைய மருந்துப் போத்தலில் செய்த குப்பி விளக்கை எடுத்து, அன்று பின்னேரம் வாங்கிவந்த மண்ணெண்ணெயை ஊற்றித் திரியைப் பற்றவைத்தாள். பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் விளக்கு "புஸ்" என்று சீறி, மூடியோடு நெருப்பு மேலே பாய்ந்தது. அவள் பயத்தில் கையை உதற, விளக்கு பாயில் விழுந்து உருண்டது. அவளுடைய வலது கையும், பாயில் படுத்திருந்த சின்னவனின் காலும் வெந்துபோயின. உயிர் தப்பினார்கள். ஆனால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சதம் வருமானம் இல்லை. மருமகள் அன்றாடம் கூலிக்குப் போகிறவள். மகனும் மனைவி பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நின்றான்.

பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எண்ணெய் அளந்து கொடுத்த கானில் முதல் நாள் பெற்றோல் இருந்திருக்கிறது. அடியில் மிச்சம் கிடந்த பெற்றோல் மண்ணெண்ணெயோடு கலந்திருக்கிறது. விற்றவர் வேண்டுமென்று செய்யவில்லை. வாங்கியவளுக்கும் தெரியாது.

எங்களை உறுத்தியது அதற்குப் பிறகு ஊரில் நடந்த பேச்சு. "கவனமில்லாத பொம்பிளை" என்றார்கள். "பிள்ளை பக்கத்தில் படுத்திருக்க விளக்கை இப்படியா பிடிக்கிறது" என்றார்கள். தோட்டங்களிலும் இதே கதைதான். லயத்தில் நெருப்புப் பிடித்தால் முதலில் தேடுவது எந்தக் காம்பராவில் யாருடைய விளக்கு என்றுதான். அந்த விளக்கு ஏன் அங்கே இருந்தது, அதில் என்ன எண்ணெய் இருந்தது, அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைச் சங்கம் கேட்கவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எண்ணெயில் இருக்கும் வேறுபாடு

எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயிலிருந்து எழும் ஆவிதான். எந்த எண்ணெய் எவ்வளவு சூட்டில் பற்றக்கூடிய ஆவியை விடுகிறது என்பதில்தான் ஆபத்தின் அளவு இருக்கிறது.

நல்ல மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூட்டுக்கு மேலேதான் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். பெற்றோல் அப்படியல்ல. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அதனால்தான் மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெற்றோல் கலந்தாலும் முழு எண்ணெயும் பெற்றோலின் குணத்துக்கு வந்துவிடுகிறது. விளக்குக்குள் எண்ணெய் மட்டத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ஆவி நிறைந்து, திரி வழியாகவோ மூடியின் இடைவெளி வழியாகவோ நெருப்பு உள்ளே போனால் விளக்கே வெடித்துவிடும். பெயின்ட் தின்னரும் அப்படித்தான்.

வன்னியில் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்கவேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த எண்ணெய்க் கான் 38 பாகையை எட்டுவது கடினமல்ல. எங்கள் பக்கத்தில் நல்ல மண்ணெண்ணெய்கூட நிழலில், நெருப்படிக்குத் தூரத்தில்தான் இருக்கவேண்டும்.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய் போன்றவை வேறு இனம். இவை 200 பாகைக்கு மேல் சூடேறினால்தான் பற்றும். எரிகிற திரி விழுந்தாலும் எண்ணெய்க்குள் அமிழ்ந்து பெரும்பாலும் அணைந்துபோகும். அதனால்தான் நம் பாட்டன் பூட்டன் காலத்து அகல் விளக்கு திறந்தபடியே இருந்தும் வெடித்ததில்லை. மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னர் இந்த மண்ணில் எல்லா விளக்கும் மரத்தெண்ணெயிலும் விதையெண்ணெயிலும்தான் எரிந்தன. வன்னியில் இலுப்பை மரம் இல்லாத பழைய கோயிலைக் காண்பது அரிது. மன்னார்ப் பக்கம் இலுப்பைக்கடவை என்று ஊரே இருக்கிறது.

போத்தலின் குற்றமும் உண்டு

எண்ணெயைப்போலவே விளக்கின் உருவமும் ஆளைக் கொல்லும். இதை இந்த நாட்டில் உரத்துச் சொன்னவர் அறுவைச் சிகிச்சை நிபுணரான டாக்டர் விஜய கொடகும்புர. எரிகாயத்தோடு வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த அவர், அவர்களில் எத்தனையோ பேர் குப்பி விளக்கால் வெந்தவர்கள் என்பதைக் கண்டார். காயத்துக்கு மருந்து கட்டுவதோடு நிற்கவில்லை, காயத்தை உண்டாக்கும் பொருளை மாற்றவேண்டும் என்று நினைத்தார்.

பழைய மருந்துப் போத்தல், சாராயப் போத்தல், எரிந்துபோன மின்குமிழ் என்று கிடைத்ததில் செய்யும் விளக்கில் மூன்று குறைகள் உள்ளன. அது உயரமாகவும் இலேசாகவும் இருப்பதால் தட்டினால் சாயும். உருண்டையாக இருப்பதால் சாய்ந்ததும் உருளும். திரியைப் பிடிக்கும் தகரம் வெறுமனே செருகியிருப்பதால் கழன்று எண்ணெய் கொட்டும். 1992ல் அவர் செய்த "சுதீப" விளக்கு இந்த மூன்றுக்கும் பதில் சொன்னது. அது குட்டையானது, தடித்த கண்ணாடியால் ஆனது, பாரமானது. இரண்டு பக்கமும் தட்டையாக இருப்பதால் சாய்ந்தாலும் உருளாது. மூடி திருகி இறுக்குவது, அதனால் எண்ணெய் கொட்டாது. கழிவுக் கண்ணாடியை உருக்கிச் செய்ததால் விலையும் குறைவு. 1998ல் அவருக்குச் சர்வதேச ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நாடு முழுவதும் இலட்சக்கணக்கான விளக்குகள் போய்ச் சேர்ந்தன.

அந்த மனிதர் ஏழைகளைப் பார்த்து "கவனமாக இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. களைத்துப்போய் வந்த ஒரு தாய் இருட்டில் தட்டிவிடத்தான் செய்வாள், பிள்ளை ஓடத்தான் செய்யும், அப்படி நடந்தாலும் ஆள் சாகாத விளக்கைக் கொடுப்போம் என்று நினைத்தார். தொழிற்சங்கத்தின் பார்வையும் இப்படித்தான் இருக்கவேண்டும்.

பொருளாதாரத் தடை கற்பித்தது

வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதில் தனி அனுபவம் இருக்கிறது. 1990இலிருந்து ஏறக்குறைய 12 வருடம் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தோம். மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் தங்கம் கிடைத்த மாதிரி. அப்போது எல்லா வீட்டிலும் இருந்தது ஜாம் போத்தல் விளக்கு. சிக்கன விளக்கு என்றும் சொல்வோம். போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்கட்டைக்குள் நூல் திரி கோத்து எரிப்போம். போத்தலின் சுவரே சிமிலியாக இருந்து காற்றை மறைக்கும். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் எங்கள் பிள்ளைகள் சோதனை எழுதினார்கள்.

வறுமைக்குச் செய்த விளக்கு அது. ஆனாலும் அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. எண்ணெய் பஞ்சில் ஊறிக் கிடந்ததால் தட்டினாலும் ஆறாக ஓடவில்லை. இன்று எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் புத்தி மறந்துவிட்டது. போத்தல் நிறைய ஊற்றி, அதைப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கிறோம்.

புகை என்னும் மெதுவான நெருப்பு

வெடிப்பது கண்ணுக்குத் தெரியும். புகை கொல்வது தெரியாது. காலையில் எழுந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவதை லயத்தில் வளர்ந்த எல்லாரும் கண்டிருப்போம். 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிமிலி இல்லாத சாதாரணத் திரி விளக்கு எரிக்கும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கரித்தூளாகவே வெளியேறுகிறது என்று அளந்து சொன்னார்கள். நூறு கிராம் எரித்தால் 7, 8 கிராம் கரி அந்தக் காம்பராவுக்குள் பறக்கிறது. அதை நெஞ்சுக்குள் இழுப்பது தாயும் பிள்ளைகளும். 2014ல் உலக சுகாதார நிறுவனம் வீட்டுப் பாவனைக்கு மண்ணெண்ணெயை ஊக்குவிக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஒரு கதவும் ஒரு சின்ன யன்னலும் உள்ள காம்பரா, குளிருக்குப் பயந்து இரண்டையும் மூடிவிட்டு அடுப்பும் விளக்கும் எரிகிறது. இதுதான் மலைநாட்டு லயத்தின் இரவு. எங்கள் பரந்தன் வீடுகளில் குறைந்தபட்சம் காற்றாவது வரும்.

"இப்போதுதான் மின்சாரம் இருக்கிறதே"

இப்படிச் சொல்கிறவர்களுக்குச் சிலவற்றை ஞாபகப்படுத்துகிறோம். 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவில் ஊர்களே துண்டிக்கப்பட்டன. வன்னியில் வெள்ளம் புகுந்தது. இரண்டு பக்கமும் இருட்டில் கிடந்தன. அப்படியான இரவுகளில் எல்லா வீட்டிலும் மூலையில் கிடந்த பழைய குப்பி விளக்குத்தான் வெளியே வந்தது. பல மாதம் தொடாத விளக்கு, இற்றுப்போன திரி, எப்போது வாங்கியதென்று தெரியாத எண்ணெய். தினமும் பாவிக்கிற விளக்கைவிட இது இன்னும் ஆபத்தானது.

புயல் இல்லாத காலத்திலும் கட்டணம் கட்ட முடியாமல் இணைப்பு வெட்டப்பட்ட வீடுகள் உள்ளன. யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கும் வயல் கொட்டில்கள் உள்ளன. தோட்டத்தில் தனிக் கம்பி, தனி மீற்றர் கிடைக்காமல் அடுத்த காம்பராவிலிருந்து வயர் இழுத்து ஒரு பல்ப் எரிக்கும் குடும்பங்கள் உள்ளன. அந்த வயரும் லயத்தை எரிக்கக்கூடியதுதான்.

எண்ணெய் விலையும் நாட்சம்பளமும்

2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய். அதுவும் 2021ல் வர்த்தமானி வந்த பிறகு கிடைத்தது. ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஒரு நாள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அப்படியான நேரத்தில் ஒரு தாய் என்ன செய்வாள்? பெற்றோல் செட்டில் வரிசையில் நின்று ஒரு லீற்றர் வாங்கமாட்டாள். பக்கத்துக் கடையில் கால் போத்தல், அரைப் போத்தல் என்றுதான் வாங்குவாள். சில்லறையாக வாங்கும் எண்ணெய் எத்தனை கானில் மாறி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. கலப்பட எண்ணெய் ஏழையின் வீட்டுக்கே முதலில் வருவதற்கு இதுதான் காரணம்.

எரிபொருள் என்ன கலவை என்று வாங்குகிறவருக்குச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2021 கடைசியில் நாடே கண்டது. சமையல் எரிவாயு அடுப்புகள் வீடு வீடாக வெடித்தன. கலவையின் விகிதத்தை மாற்றியதுதான் முக்கிய காரணம் என்று பின்னர் ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. எரிவாயு வெடித்தபோது பத்திரிகைகள் எழுதின, குழு அமைத்தார்கள். குப்பி விளக்கு வெடித்தால் அந்த லயத்துக்கு வெளியே செய்தி போவதில்லை.

அப்படியானால் எதை எரிப்பது?

எங்கள் அனுபவத்தில் வரிசை இதுதான்.

முதலாவது, நெருப்பே இல்லாத வெளிச்சம். ஒரு சின்ன சூரிய ஒளி விளக்கு அல்லது சார்ஜ் பண்ணும் ரோர்ச். பிள்ளை படிப்பதற்கு இதைவிட நல்லது இல்லை. குப்பி விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும், புகை இல்லை. வாங்கும்போது ஒரு தொகை கொடுக்கவேண்டியிருக்கும். ஆனால் மாதா மாதம் எண்ணெய்க்குக் கொடுக்கும் காசைக் கூட்டிப் பாருங்கள். மலையில் மூடுபனி நாட்களில் சார்ஜ் குறையும் என்பது உண்மை. மின்சாரத்திலும் சார்ஜ் ஏறக்கூடியதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

இரண்டாவது, தேங்காயெண்ணெய் அல்லது வேறு தாவர எண்ணெய். சாமி விளக்குக்கும், இரவில் மங்கலாக எரியும் விளக்குக்கும் இது போதும். விலை கூடியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு சின்னச் சுடருக்கு ஓர் இரவுக்குத் தேவைப்படுவது கொஞ்சந்தான். தாவர எண்ணெய் தடிப்பானது, திரியில் அதிகம் ஏறாது. அதனால் குப்பி விளக்கில் ஊற்றினால் எரியாது. ஆழமில்லாத அகலில், சுடர் எண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும்படி வைக்கவேண்டும். எரியவில்லை என்று அதில் மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. கண்ணாடிக் கோப்பையில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மேலே இரண்டு விரல் அளவு எண்ணெய் விட்டு, மிதக்கும் திரி போடுவது இன்னும் நல்லது. எண்ணெய் முடிந்ததும் தண்ணீர் தொட்டு விளக்குத் தானாக அணைந்துவிடும்.

மலைநாட்டு உறவுகளுக்கு ஒரு குறிப்பு. எங்கள் வீட்டு அக்கா ஒருவர் தலவாக்கலையில் இருக்கும் தம்பிக்கு இரண்டு போத்தல் தேங்காயெண்ணெய் கொடுத்தனுப்பினார். ஒரு கிழமையில் தம்பி போன் எடுத்து, "அக்கா, எண்ணெய் கல்லாப் போச்சு, திரி எரிய மாட்டேங்குது" என்றார். எண்ணெயில் பிழை இல்லை. தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். பரந்தனில் அது பெரும்பாலும் தண்ணியாக இருக்கும், தலவாக்கலையில் இரவில் உறையும். அங்கே பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலந்தால் உறைவது குறையும். இல்லாவிட்டால் போத்தலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, இளகிய பிறகு அகலில் விட்டுப் பற்றவையுங்கள். எரியத் தொடங்கினால் சுடரின் சூடே சுற்றியுள்ள எண்ணெயை இளக வைக்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.

மூன்றாவது, வேறு வழியே இல்லாவிட்டால் மண்ணெண்ணெய். ஆனால் சுதீப மாதிரி குட்டையான, பாரமான, திருகு மூடி விளக்கில் அல்லது சிமிலி உள்ள அரிக்கன் லாம்பில் மட்டும். எண்ணெயைப் பெற்றோல் செட்டிலேயே, மண்ணெண்ணெய்க்கென்றே வைத்திருக்கும் கானில் வாங்கவேண்டும். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கான் வாங்கிப் பிரித்தால் சில்லறைக் கடைக்குப் போகத் தேவையில்லை. பெற்றோல் மணம் இலேசாக வந்தாலும் அதைப் பாவிக்க வேண்டாம். பற்றவைத்துச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது. அணைத்து, ஆறவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஊற்றுங்கள். விளக்கு இருக்கவேண்டிய இடம் சுவரில் அடித்த தட்டு. பாயும் நுளம்பு வலையும் இருக்கும் இடத்தில் வைக்கவேண்டாம். தூங்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள்.

பெற்றோல், தின்னர், டீசல், பழைய இயந்திர எண்ணெய் இவை எதுவும் வீட்டு விளக்குக்கு உரியவை அல்ல.

இன்னும் இரண்டு விஷயம் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடுத்தது, நெருப்புச் சுட்டால் சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் சுத்தமான தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, முட்டை, மண் எதுவும் பூசவேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு 1990க்கு அழையுங்கள். கொட்டி எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் நெருப்புப் பரவும். மணலைக் கொட்டுங்கள் அல்லது ஈரச் சாக்கால் மூடுங்கள்.

விளக்கு மட்டும் போதுமா?

பாதுகாப்பான விளக்கைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. இதற்கு உலகத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 1812ல் இங்கிலாந்தின் ஃபெலிங் என்ற இடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் செத்தார்கள், சிறுவர்களும் அதில் இருந்தார்கள். மூன்று வருடத்தில், 1815ல், ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி கம்பி வலைக்குள் சுடர் எரியும் பாதுகாப்பு விளக்கைச் செய்தார். எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் சில முதலாளிமார் என்ன செய்தார்கள்? "இப்போதுதான் பாதுகாப்பான விளக்கு இருக்கிறதே" என்று, முன்னர் ஆபத்தென்று மூடிவைத்த சுரங்கங்களுக்குள்ளும் தொழிலாளரை இறக்கினார்கள். சாவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. காற்றோட்டமும் பரிசோதனையும் சட்டமும் சங்கத்தின் பலமும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

நமக்கும் அதுதான். நல்ல விளக்கு அடுத்த வாரமே வேண்டும். ஆனால் அதைக் காட்டி வீட்டையும் மின்சாரத்தையும் பின்போட விடக்கூடாது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா இருக்கும்வரை ஒரு வீட்டு விளக்கு பத்து வீட்டை எரிக்கும். எரிந்தால் உடுப்பும் பாயும் மட்டுமா போகிறது? பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி எல்லாம் போகிறது. 1948இல் பறித்த குடியுரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கடதாசி தேடி அலைந்த நம் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே சங்கம் முன்வைக்கவேண்டிய கோரிக்கைகளாக நாங்கள் சொல்வது:

மின் இணைப்பு இல்லாத, அல்லது வெட்டப்பட்ட ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் ஒரு சூரிய ஒளி விளக்கைத் தோட்ட நிர்வாகமும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் வழங்கவேண்டும். ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி மீற்றரும் ஒழுங்கான வயரும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் கேட்டுப் பெறவேண்டும். தோட்டத்துக் கூட்டுறவுக் கடைகளில் திருகு மூடி விளக்கும், மண்ணெண்ணெய்க்கென்று தனியான அளவுக் கானும் இருக்கவேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் மணல் வாளியும் தண்ணீர்க் குழாயும் வேண்டும். பிள்ளைக் காம்பராவிலும் டிஸ்பென்சரியிலும் எரிகாய முதலுதவி பற்றித் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். இறுதியாக, லயத்து வாழ்க்கை ஒழிந்து, தனிக் காணியில் தனி வீடு என்ற நம் பழைய கோரிக்கையின் பட்டியலில் நெருப்பு அபாயத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்து எழுதவேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பரந்தனில் நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு விளக்குகளையும் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். மருந்துப் போத்தல், பல்ப், தகர டப்பா என்று எல்லாம் வந்தன. மூடி இறுகாதவற்றையும் உயரமானவற்றையும் ஒதுக்கினோம். குட்டையான தடித்த ஜாம் போத்தல்களில், அந்தக் காலத்துச் சிக்கன விளக்குச் செய்யத் தெரிந்த ஒரு பெரியவரைக் கொண்டு மாற்றி விளக்குச் செய்தோம். பஞ்சு, வால்கட்டை, நூல் திரி. எண்ணெய் வாங்கச் சிவப்பு நிறம் பூசிய ஒரே கான், அதில் வேறு எதுவும் ஊற்றக்கூடாது என்று கட்டுப்பாடு. சீட்டுப் பிடித்து மாதம் ஒரு வீட்டுக்கு ஒரு சூரிய ஒளி விளக்கு வாங்குகிறோம். முதல் விளக்கு அந்தக் கை வெந்த மருமகளின் வீட்டுக்குப் போனது. அவளுடைய சின்னவன் இப்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறான். காலில் தழும்பு இருக்கிறது.

தோட்டக் கமிட்டித் தோழர்களே, தலைவர்மாரே, உங்கள் தோட்டத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். லயம் லயமாகப் போய் எத்தனை குப்பி விளக்கு, எத்தனை வீட்டில் மின்சாரம் இல்லை என்று எண்ணி எழுதுங்கள். அந்தக் கணக்கை நிர்வாகத்தின் மேசையில் வைத்துப் பேசுங்கள். சம்பளப் பேச்சுக்குப் போகும்போது ஒரு குடும்பம் வெளிச்சத்துக்குச் செலவழிக்கும் காசையும் கணக்கில் காட்டுங்கள்.

யாருடைய காம்பராவிலாவது விளக்கு விழுந்து பிள்ளை வெந்தால், அடுத்த முறை அந்தத் தாயைப் பார்த்து விரல் நீட்டாதீர்கள். அவளுடைய விளக்கில் இருந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, நல்ல விளக்கு ஏன் அவளுக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். அவள் சந்தா கட்டுகிற சங்கம் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

தோழமையுடன்,
பரந்தன் உறவுகள்